போணிக்கு வந்த ராட்சசன்

அம்மாவின் வலது கணுக்காலுக்குள் ஓர் உலோகத் தகடும் சில திருகாணிகளும் இருக்கின்றன. தாராவியில் எங்கள் மளிகைக் கடையின் பரணிலிருந்து அப்பளப் பெட்டியை இறக்க ஸ்டூலில் ஏறியவள், பெட்டியோடும் ஸ்டூலோடும் சேர்ந்து இறங்கியதன் விளைவு அது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர், ஆறு வாரத்துக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார்.

"ஊன்றினால்?" என்று நான் கேட்டேன். ஐரோலியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்படி உடையும் என்று முதலில் கேட்டுக்கொள்வது வேலையோடு வந்த பழக்கம்.

"தகடு நகர்ந்துவிடும். மறுபடி திறக்க வேண்டியிருக்கும்," என்றார் டாக்டர்.

அம்மா தலையாட்டினாள். சரக்கு விலை ஏறிவிட்டது என்று சொல்லும் மொத்த வியாபாரியைப் பார்த்து அவள் ஆட்டுகிற தலை அது. கேட்டுக்கொண்டேன் என்று மட்டும்தான் அதற்குப் பொருள்.

முதல் வாரத்திலேயே இரண்டு முறை பிடிபட்டாள். ஒரு முறை சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். கடுகு டப்பாவை நான் இடம் மாற்றி வைத்திருக்கிறேனா என்று பார்க்க வந்தாளாம். மறுமுறை வாக்கரோடு வாசல் கதவு வரைக்கும் போய்விட்டாள், தோளில் கைப்பை வேறு. சுக்கு மூட்டை எங்கே இருக்கிறது என்று அப்பா கடையிலிருந்து போனில் கேட்டிருக்கிறார். சொன்னால் அவருக்குப் புரியாது, நேரில் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறாள்.

"தீவாளி யாவாரம் வருதுட்டி. அவுரு ஒத்தையில நிக்காரு. நான் டாக்ஸியில போயி, சேர்ல இருந்துட்டு, டாக்ஸியில வந்துருவேன். காலு தரையிலயே படாது."

"மூணு மாடி இறங்கணும்மா. லிஃப்ட் பந்த்."

"அதுக்கு என்ன, ஒக்காந்து ஒக்காந்து எறங்குவேன்."

இவளை ஆறு வாரம் உட்கார வைப்பது எப்படி என்று யோசித்தேன். டி.வி. தொடர்கள் உதவாது. "எப்பப் பாரு அழுதுட்டே இருக்காளுவ" என்று ஒரே வாரத்தில் அணைத்துவிட்டாள். புத்தகமும் உதவாது. நாள் முழுக்க நின்றுகொண்டு, ஒரே நேரத்தில் நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டே பொட்டலம் மடித்த கைகள் அவை. அந்தக் கைகளுக்கு வேலை வைத்தால் கால் தானாக அடங்கும் என்று கணக்குப் போட்டேன். என் அறையிலிருந்த வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிவந்து ஹால் டி.வி.யில் மாட்டினேன்.

நான் தேர்ந்தெடுத்தது ஒரு மாய உலகத்து விளையாட்டு. மலைகள், கோட்டைகள், பூதங்கள், ஊர் ஊராகப் போய்ச் செய்ய வேண்டிய காரியங்கள் என்று நீளமாகப் போகும். முடிக்கப் பல வாரம் ஆகும். அதுதான் எனக்கு அதில் பிடித்த அம்சம். ஆரம்பத்தில் நமக்கென்று ஓர் ஆளை நாமே உருவாக்க வேண்டும்.

"மூணு வகை இருக்கும்மா. மந்திரம் போடுறவ, தூரத்துல நின்னு அம்பு விடுறவ, கிட்டப் போய் வெட்டுறவ. நீ யாரு?"

"தூரத்துல நின்னு விடுததெல்லாம் ஒரு சண்டையாட்டி? தாராவியில தண்ணி லாரிக்கு நின்ன காலத்துல எவளாவது தூரத்துல நின்னு சண்ட போட்டிருக்காளா? கிட்டயே போவோம்."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. புதிதாக ஆடுகிறவர்களுக்குக் கிட்டச் சண்டைக்காரிதான் சரி. கனமான கவசம் போட்டுக்கொள்ளலாம், நாலு அடி வாங்கினாலும் நிற்கலாம், பொத்தான்களும் குறைவு. அவளை எந்த வரிசையில் வளர்க்க வேண்டும் என்று முந்தின நாளே ஒரு அட்டவணை தயாரித்திருந்தேன். எந்தக் கட்டத்தில் எந்தத் திறமை, எந்த வாள், எந்தக் கவசம் என்று எல்லாம் அதில் இருந்தது.

அட்டவணையில் இல்லாதது முகம். முகத்தை நாமே செதுக்கலாம் என்று தெரிந்ததும் அம்மா ஒரு மத்தியானம் முழுவதையும் அதற்குக் கொடுத்தாள். மூக்கைக் கொஞ்சம் நீட்டினாள், தாடையை இறக்கினாள், புருவத்தை நெருக்கினாள், உதட்டோரத்தைக் கீழே இழுத்தாள். சாயங்காலம் கடையிலிருந்து வந்த அப்பா, செருப்பைக் கழற்றாமலே டி.வி.யைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏளா, இது எங்க அக்கா மாதிரில்லா இருக்கு?"

அப்பாவின் அக்கா, அம்மாவுக்கு மைனி, அம்பர்நாத்தில் இருக்கிறார். கல்யாணமான நாள் முதல் அம்மாவுக்கும் அவருக்கும் இடையில் பெரிய சண்டை எதுவும் நடந்ததில்லை. சின்னச் சண்டைகள் நிற்காததால் பெரியதற்கு நேரம் கிடைக்கவில்லை.

"அப்பிடியா? நான் வேணும்னு பண்ணலியே," என்றாள் அம்மா. பிறகு ஒரு நிமிஷம் கழித்து, "மைனிதான் நல்லா சண்ட போடுவா," என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த ஆளுக்கு மைனி என்றுதான் பெயர். விளையாட்டு கேட்ட இடத்தில் மட்டும் அம்மா எங்கள் கடையின் பெயரைப் போடச் சொன்னாள். விளம்பரம் ஆகட்டுமே என்றாள். இது நாம் மட்டும் ஆடுவது, வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். இருந்தாலும் போடு என்றாள்.

அடுத்தது குணங்களைப் பங்கிடுவது. குறிப்பிட்ட அளவு புள்ளிகள் தருவார்கள். அதை வலு, உடல் உறுதி, சுறுசுறுப்பு, அறிவு, பேச்சு ஆகியவற்றுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கிட்டச் சண்டைக்காரிக்கு அறிவையும் பேச்சையும் முடிந்த மட்டும் சுரண்டி எடுத்து வலுவிலும் உறுதியிலும் போடுவதுதான் முறை. நான் சுரண்ட ஆரம்பித்தேன்.

"ஏட்டி, அறிவ எதுக்குக் கொறைக்க?"

"இவளுக்கு அது தேவைப்படாதும்மா. வெட்டுறதுக்கு வலு இருந்தாப் போதும்."

"அறிவில்லன்னா யாரை வெட்டணும்னு எப்பிடித் தெரியும்?"

"அதை நீ பாத்துக்குவ."

"சரி. அறிவு எங்கிட்ட இருக்கட்டும்." கொஞ்சம் சமாதானமானாள். அடுத்து என் விரல் பேச்சின் பக்கம் போனதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேச்சுல கை வைக்காத. பேச்சக் கொறைச்சா அது மைனியே இல்ல."

இப்படியாக, என் அட்டவணையின் முதல் வரியே தவறிப்போய், வலு கொஞ்சம் குறைவாகவும் பேச்சு தேவைக்கு மேல் அதிகமாகவும் உள்ள ஒரு போர்வீராங்கனை பிறந்தாள். மீதியைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டிய நீள வாள் ஒன்று உண்டு. கேடயம் கிடையாது, ஆனால் ஒரு வீச்சில் நாலு பேர் விழுவார்கள். இனி கிடைக்கும் புள்ளிகளை எல்லாம் அந்த வாளிலேயே போட்டு வந்தால் மைனி தேறிவிடுவாள்.

இன்னொரு முடிவும் செய்தேன். இந்த விளையாட்டில் ஒரே ஒரு சேமிப்பு மட்டும் வைத்துக்கொள்ளும் முறை உண்டு. செய்ததை அழித்துவிட்டுப் பின்னால் போய் வேறு மாதிரி செய்ய முடியாது. விளைவு உண்டு என்றால்தான் மனிதர்கள் கவனமாக உட்காருவார்கள் என்று எண்ணி அதைத் தேர்ந்தெடுத்தேன். எதிரே உட்கார்ந்திருப்பவள் மளிகைக்கடைக்காரி என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை.

எங்கள் கடையில் காலையில் வரும் முதல் ஆளுக்குப் போணி என்று பெயர். தமிழ்க்காரரோ குஜராத்திக்காரரோ, தாராவியில் எந்தக் கடையிலும் போணிக்கு ஒரே மரியாதைதான். முதல் ஆள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. திரும்பினால் அன்றைய யாவாரம் படுத்துவிடும். அவர் எதைக் கேட்டாலும் "இல்லை" என்ற சொல் வாயிலிருந்து வரக் கூடாது. கேட்டது கடையில் கிடையாது என்றால் "நாளைக்கு வருது, இன்னைக்கு இதை எடுத்துட்டுப் போங்க" என்று எதையாவது கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அம்மா இந்த விஷயத்தில் எந்தக் கடைக்காரரையும் விடக் கண்டிப்பானவள். ஒருமுறை வழி கேட்க வந்தவருக்குக் கருப்பட்டி விற்றிருக்கிறாள்.

விளையாட்டுக்கும் காலை உண்டு என்பதுதான் சிக்கல். தினமும் காப்பி குடித்துவிட்டு டி.வி.யைப் போட்டதும், மைனியின் எதிரே முதலில் யார் வந்தாலும் அவர்தான் அன்றைக்குப் போணி. அந்த உலகத்து ஜனங்களோ கேட்பதற்கென்றே படைக்கப்பட்டவர்கள். ஒருவர் தன் கிணற்றில் பூதம் இருக்கிறது, வருகிறாயா என்பார். இன்னொருவர் தொலைந்த மோதிரத்தைத் தேடித் தருகிறாயா என்பார். திரையில் 'சரி', 'முடியாது' என்று இரண்டு பதில்கள் தெரியும். அம்மா முதல் போணிக்கு 'முடியாது' சொன்னதே இல்லை. ஒரு மாவு மில்காரர் தன் ஆட்டை மலைக்கு மேலே உள்ள ஊரில் கொண்டு சேர்க்கச் சொன்னார். சரி என்றாள். அன்றிலிருந்து அந்த ஆடு மைனிக்குப் பின்னாலேயே நடந்து வந்தது. குகைக்குள்ளும் வந்தது, இடுகாட்டுக்கும் வந்தது. எல்லாச் சண்டையிலும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது.

"இத மொதல்ல கொண்டு விட்டுரலாம்மா."

"இருக்கட்டும். தொணைக்கு ஆளு வேணும்லா?"

அந்த வாரங்களில் நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். சோபாவில் அம்மா, காலுக்குக் கீழே இரண்டு தலையணை. சாப்பாட்டு மேசையில் நான், காதில் ஹெட்போன். மேனேஜர் மராத்திக்காரர், மென்மையான மனிதர். ஒரு நாள் கூட்டத்தில் நான் பேச வேண்டிய முறை வந்து மைக்கைத் திறந்த நொடியில் பின்னாலிருந்து, "சவத்து மூதி, எந்திரிச்சு வாரியா? வா, ஒரே போடு!" என்று கேட்டது. வீட்டில் எல்லாம் நலம்தானா என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். அம்மாவுக்கு உடற்பயிற்சி நடக்கிறது என்றேன்.

வாள் போனதும் அப்படி ஒரு கூட்டத்தின் நடுவில்தான்.

மைனி அதற்குள் நன்றாகத் தேறியிருந்தாள். நீள வாள் கைக்கு வந்து, கிடைத்த புள்ளிகள் எல்லாம் அதிலேயே போயிருந்தன. என் அட்டவணையில் பாதிக்கு மேல் பச்சை நிறம் அடித்திருந்தேன். அன்று காலை சந்தையில் ஒற்றைக் கண் சிப்பாய் ஒருவன் மைனியை நிறுத்தினான்.

"ஏட்டி! இவன் வாளக் கேக்கான்! குடுக்கவா?"

காதில் மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கி, இரண்டு நிமிஷம் பொறு என்று சைகை காட்டினேன்.

"ரெண்டு நிமிஷமா? போணிக்காரன எப்பிடிட்டி நிக்க வைக்க?"

நான் ஹெட்போனைக் கழற்றி ஓடி வருவதற்குள் சிப்பாய் வாளைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். விளையாட்டு தன் ஒரே சேமிப்பைச் செய்து முடித்தது.

நான் கோபப்படுகிற ஆள் இல்லை. மெதுவாக விளக்கினேன். மைனி இதுவரை கற்றுக்கொண்டது எல்லாம் அந்த வாளை வைத்துத்தான். இனி அவள் கையில் ஒன்றும் இல்லை. புள்ளிகளைத் திரும்ப வாங்க முடியாது. மீண்டும் முதலிலிருந்துதான் ஆட வேண்டியிருக்கும்.

"திருப்பித் தருவான்ட்டி. மொகத்தப் பாத்தாலே தெரியுது."

"தரமாட்டான்மா."

"ஒனக்கு என்ன தெரியும்? கடன் வாங்குன மொகம் எது, ஏமாத்துத மொகம் எதுன்னு எனக்குத் தெரியாதா? சும்மா காலி பீலி டென்ஷன் ஆகாத."

அவன் திருப்பித் தரவே இல்லை. அதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

முதலிலிருந்து ஆட அம்மா சம்மதிக்கவில்லை. எனக்கும் தயக்கம்தான், அலுத்துப்போனால் எழுந்து நடப்பாள், நடந்தால் தகடு நகரும். ஆகவே அட்டவணையைத் திருத்தினேன். ஒரு சத்திரத்தின் சமையற்கட்டில் இரும்பு முள் வைத்த கதாயுதம் ஒன்று கிடைத்தது. ஆட்டுரல் குழவிக்குக் கைப்பிடி போட்டது மாதிரி இருக்கிறது என்று அம்மாவுக்கு அதைப் பிடித்துப்போயிற்று. இன்னொரு கைக்கு ஒரு கேடயம். நீள வாள்காரி கதாயுதக்காரியானாள். அடிகள் சிறியவை, ஒரு பூதம் விழ முன்பைவிட மூன்று மடங்கு நேரம் ஆனது. அவ்வப்போது செத்தும் போனாள். சாகும்போதெல்லாம் அம்மா முகத்தில் பெரிய வருத்தம் ஏதும் தெரியவில்லை என்பதை அப்பா கவனித்துவிட்டார். "அக்கா போயிட்டாளா? சந்தோசமா?" என்பார். "சும்மா இருங்க, அடுத்து எந்திரிப்பா," என்பாள் அம்மா.

ஆறாம் வாரத்தில் என்னை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். புதிய பதிப்பு வெளியாகும் வாரம், மறுக்க முடியாது. கீழ்வீட்டு மராத்தி அக்காவிடம் ஒரு சாவி கொடுத்தேன். பதினோரு மணிக்கு வந்து அம்மாவைக் குளிக்க வைத்து, வீட்டைத் துடைத்து, சாப்பாட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. மற்ற நேரத்தில் அம்மாவைக் கண்காணிக்க என் போனில் ஒரு செயலி இருந்தது. அவள் ஆடிக்கொண்டிருந்தால் பச்சைப் புள்ளி தெரியும். கொஞ்ச நேரம் எந்தப் பொத்தானும் அழுத்தவில்லை என்றால் மஞ்சளாக மாறும். பச்சை என்றால் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவு தெளிவான நோயாளி நிலவரம் மருத்துவமனையில்கூடக் கிடைத்ததில்லை.

எக்ஸ்ரே எடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், புள்ளி மஞ்சளானது. சரி, சாப்பிடுகிறாள் என்று விட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன், மஞ்சள். போன் செய்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. கீழ்வீட்டு அக்காவுக்குச் செய்தேன்; அவள் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பிவிட்டாளாம், "நான் கிளம்பும்போது அம்மா நல்லாத்தானே இருந்தாங்க" என்றாள். அப்பாவுக்குச் செய்தேன்.

"அம்மா கடைக்கு வந்துட்டாளாப்பா?"

"இங்க எங்க? இங்க நிக்கவே எடமில்ல, ஒரே கூட்டம். ஏன், வீட்டுல இல்லியா?"

"போன் எடுக்கலப்பா."

அந்தப் பக்கம் யாரோ நல்லெண்ணெய் கேட்டார்கள். அவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு அப்பா, "நீ கெளம்பு. நானும் கடைய யாருகிட்டயாவது விட்டுட்டு வாரேன்," என்றார்.

ஐரோலியிலிருந்து வாஷி, அங்கே வண்டி மாறி எங்கள் வீடு இருக்கும் திலக் நகர். தினமும் போகிற வழிதான். அன்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி ஏன் நிற்கிறது என்று இருந்தது. பெண்கள் பெட்டியில் கம்பியைப் பிடித்தபடி, நடந்திருக்கக் கூடியவற்றை வழக்கம்போல் வரிசைப்படுத்தினேன். குளியலறையில் விழுந்திருக்கலாம். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கப் பார்த்திருக்கலாம். கடுகு டப்பாவைத் தேடிப் போயிருக்கலாம். மூன்றுக்கும் முடிவில் அதே ஆபரேஷன் தியேட்டர்தான் வந்தது. சென்ற முறை மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கடையப் பூட்டியாச்சா?" என்பது. அதை நினைத்தவுடன் வரிசைப்படுத்துவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாள். என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

மூன்று மாடியையும் ஓடியே ஏறினேன். கதவைத் திறந்தால், அம்மா சோபாவில் இருந்தாள். கால் தலையணை மேல். சாப்பாட்டுத் தட்டு காலியாகப் பக்கத்தில். டி.வி.யில் ஒரு மலைப் பாலத்தின் நடுவே வீடு உயரத்துக்கு ஒரு ராட்சசன் நின்றான். அவனுக்கு எதிரே மைனி. மைனிக்குப் பின்னால் ஆடு. மூவரும் அசையாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியா? அந்தப் போன முதல்ல எடுட்டி. காதெல்லாம் வலிக்கு," என்றாள்.

நடந்தது இதுதான். கீழ்வீட்டு அக்கா தரையைத் துடைக்க வாக்கரைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். அம்மாவின் போனில் சார்ஜ் குறைந்திருப்பதைப் பார்த்து, டி.வி.க்குப் பக்கத்தில் மாட்டியிருந்த விளையாட்டுச் சார்ஜரை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் போனை மாட்டினாள். அவள் போன பிறகு அம்மா ஆட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் கையிலிருந்த விளையாட்டுக் கருவி சார்ஜ் தீர்ந்து உயிரை விட்டது. வாக்கர் அங்கே, சார்ஜர் அங்கே, அடிக்கிற போன் அங்கே. அம்மா இங்கே.

"எட்டு வச்சா மூணு எட்டுதான். ஆனா நீதான கால ஊனாதன்ன?"

நான் செருப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவள் என் பேச்சைக் கேட்டிருக்கிறாள். அதற்கு ஐரோலியிலிருந்து ஓடி வந்திருக்கிறேன்.

"ஒக்காந்துட்டா எப்பிடி? சார்ஜர மாட்டு. போணி நிக்கான்."

"யாரு போணி?"

"இவந்தான். இன்னைக்கு இவந்தான் மொதல்ல வந்தான். திரும்பிப் போறியா, சண்டைக்கு வாறியான்னு கேக்கான். அதுலருந்து அப்பிடியே நிக்கான், பாவம்."

என் அட்டவணைப்படி மைனி அந்தப் பாலத்துக்கு வர இன்னும் வெகுநாள் இருந்தது. அவனை அடிக்கத் தேவையான வலு அவளிடம் இல்லை. இன்றைக்குத் திரும்பிப் போய்விடலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். போணியை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பார் என்று அவளிடம் இதுவரை எவரும் சொன்னதில்லை. நீளமான வயரை இழுத்துச் சார்ஜரை மாட்டிக் கருவியை அவள் கையில் கொடுத்தேன். இத்தனைக்கும் நடுவில் அப்பாவுக்குப் போன் செய்து, அம்மா பத்திரமாக இருக்கிறாள் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

ராட்சசனின் முதல் அடியிலேயே மைனியின் உயிரில் பாதி போயிற்று. "கேடயம்! கேடயத்தத் தூக்கும்மா!" என்று கத்தினேன். தூக்கினாள். அடி, தூக்கு, பின்னால் ஒரு எட்டு, மறுபடி அடி. கதாயுதம் அவன் முழங்காலுக்குத்தான் எட்டியது. முழங்காலையே அடித்தாள். அவன் உயிர் ஒரு நகக்கீறல் அளவு குறைந்தது.

"மைனி, விடாதிய! உங்க தம்பி கல்யாணத்துல எங்க மாமா போட்ட பந்தியில இலையில உப்பு இல்லன்னு என்ன பேச்சுப் பேசுனிய? இவன்கிட்ட காட்டுங்க அந்த வாய!"

அந்தச் சமயத்தில் ஆடு பாலத்தின் ஓரமாக நடந்து போயிற்று. ராட்சசன் அதைப் பார்த்துத் திரும்பினான். திரும்பியவனின் கால் பாலத்துக் கல்லுக்குள் முழங்கால் வரை புகுந்து அங்கேயே மாட்டிக்கொண்டது. இது விளையாட்டில் இருக்கக் கூடிய காட்சி அல்ல, பிழை. தொழில்முறையில் நான் அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்க வேண்டும்.

"இதுதான் சமயம்! அடிம்மா!"

அம்மா அடிக்கவில்லை. கருவியைப் பிடித்தபடி திரையையே பார்த்தாள். ராட்சசன் காலை இழுத்தான், வரவில்லை.

"கால் மாட்டிக்கிச்சே அவனுக்கு," என்றாள். குரலே மாறியிருந்தது.

"அம்மா, அவன் உன்ன கொல்ல வந்தவன்."

"அதுக்குன்னு? கால் வலி ஒனக்குத் தெரியுமாட்டி?"

அதற்குள் அவன் கை நீண்டு மைனியை ஓர் அறை அறைந்தது. மைனி உருண்டு ஆட்டின் மேல் போய் விழுந்தாள். "ஏலேய்!" என்று அம்மா ஒரு குரல் கொடுத்தாள். இரக்கமெல்லாம் அந்தக் குரலோடு போயிற்று. கொடுத்த வேகத்தில் சோபாவிலிருந்து எழுந்தும்விட்டாள்.

இடது காலில்தான் எழுந்தாள், அது உண்மை. ஆனால் வலது கால் தலையணையிலிருந்து நழுவித் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? அப்படியே முன்னால் பாய்ந்து விழுந்து, கட்டுப் போட்ட காலை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டேன். முழங்கை தரையில், உள்ளங்கையில் அம்மாவின் பாதம். அம்மா ஒரு கையால் என் முடியைப் பிடித்து நிலைப்படுத்திக்கொண்டாள்; மறு கையால் மட்டும் ஆடி, கால் மாட்டிக்கொண்டவனை விடாமல் அடித்தாள்.

"உக்காரும்மா!"

"இரு இரு இரு! போயிட்டான், போயிட்டான்!"

கதவு திறந்தது. மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு அப்பா வாசலில் நின்றார். சட்டையில் எண்ணெய்க் கறை, தோளில் கடைத் துண்டு. ஒற்றைக் காலில் நின்று கூச்சல் போடும் மனைவியையும், அவள் பாதத்தைக் கையில் ஏந்தித் தரையில் குப்புறக் கிடக்கும் மகளையும், டி.வி.யில் கதாயுதத்தோடு நிற்கும் தன் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தீவாளி நேரத்துல கடைய விட்டுட்டு ஓடியாந்தேன். இங்க பாதபூசையா நடக்கு?"

ராட்சசன் மெதுவாக, மாட்டிய கால் மாட்டியபடியே, பாலத்தின் மேல் சாய்ந்தான்.

"போணி ஆயிட்டு!" என்று அம்மா சோபாவில் விழுந்தாள். நான் பாதத்தைத் தலையணை மேல் வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "யாரு, எங்க அக்காவா ஜெயிச்சா?" என்றார். "அவ ஜெயிக்காம?" என்றாள் அம்மா. அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. அம்பர்நாத்துக்கு அதை யாரும் சொல்லவில்லை.

மறுநாள் செம்பூரில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். நான் படத்தைப் பார்க்காமல் அவர் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நடுவில் கால் தரையில் பட்டதா?" என்று கேட்டார்.

"நேத்து படப் போச்சு டாக்டர். இவ பிடிச்சிட்டா," என்றாள் அம்மா.

அதன் பொருள் அவருக்குப் புரிந்திருக்காது. தகடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, எலும்பும் நன்றாகக் கூடியிருக்கிறது என்றார். இவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்திருந்த நோயாளிகள் குறைவு என்று பாராட்டினார். இனி வாக்கரோடு மெல்ல ஊன்றிப் பழகலாம், வலி இல்லை என்றால் திங்கட்கிழமை முதல் நாற்காலியில் உட்கார்ந்தபடி கடையையும் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா தலையாட்டவில்லை.

"திங்கக்கிழமையேவா டாக்டர்?" என்றாள். "அரை நாள்னாப் போதும். மொதல்லயே ஜாஸ்தி வேண்டாம்லா?"

திங்கட்கிழமை அதிகாலையிலேயே அப்பாவோடு டாக்ஸியில் கடைக்குப் போனாள். பழுது பார்த்த லிஃப்ட்டில் அவளை இறக்கிவிட்டு நான் ஐரோலிக்கு வண்டி ஏறினேன். போணிக்கு ஒரு பாட்டி வந்து மிதுக்கு வற்றல் கேட்டாள், இல்லாததால் அம்மா சுண்டை வற்றலைக் கொடுத்து அனுப்பினாளாம். அப்பா செய்தி அனுப்பியிருந்தார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பழக்கத்தில் போனை எடுத்துப் பார்த்தேன்.

புள்ளி பச்சையாக இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"பன்னெண்டு மணிக்கே கெளம்பிட்டாளே," என்றார். "காலு வலிக்கான்னு கேட்டேன். இல்லியாம். அந்த மில்காரன் ஆட்ட இன்னும் மேல கொண்டு விடலியாம்."